ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு பழைய ராஜதானி

ஹிமாசலப் பிரதேசத்தின் வடகிழக்குக் கோடியில், பருவமழையைச் சுமந்து வரும் மேகங்கள் தெற்கேயுள்ள பெருமலைகளிலேயே தங்கள் பாரத்தையெல்லாம் இறக்கிவிடுகிறபடியால், மரமும் செடியும் அருகி, மண்ணும் கல்லுமே பல வர்ணங்களில் விரிந்து கிடக்கும் பிரதேசம் ஒன்று உண்டு. ஸ்பிதி என்பது அதன் பெயர். குன்சும் கணவாயின் அருகே பிறந்து, தென்கிழக்காக ஓடி, காப் என்னுமிடத்தில் சட்லெஜ் நதியில் கலக்கிற ஸ்பிதி ஆறுதான் அந்நாட்டுக்கு ஜீவநாடி. ஆற்றின் இரு கரைகளிலும், அதற்கு மேலுள்ள சரிவுகளிலும், எங்கெல்லாம் பனி உருகி வரும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர முடிகிறதோ அங்கெல்லாம் ஒரு சிறு கிராமமும், அதைச் சுற்றிப் பார்லி வயல்களும் இருக்கின்றன. இக்கிராமங்களில் ஒன்றுதான் தங்கர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,890 மீட்டர் உயரத்தில், தெற்கேயிருந்து வருகிற பின் என்னும் ஆறு ஸ்பிதி ஆற்றோடு கூடுகிற சங்கமத்தை நேரே நோக்கியவாறு, ஒரு செங்குத்தான பாறை முனையின் மேலும் அதன் மடியிலுமாக அமர்ந்திருக்கிறது அவ்வூர்.

ஊருக்கு மேலே, ஒரு மணி நேரம் போல மூச்சு வாங்க ஏறிச் சென்றால், மலைகள் சற்றே விலகி இடம் விட்ட ஒரு பள்ளத்தில் தெளிந்த நீருடைய சிறிய ஏரி ஒன்று தோன்றும். கீழே, அதல பாதாளம் என்று சொல்லத்தக்க ஆழத்தில், பல கிளைகளாகப் பிரிந்தும் மீண்டும் கூடியும் சாம்பல் நிறத்தில் ஆறு ஓடும். இவ்விரண்டு நீர்நிலைகளுக்கும் நடுவே, இரண்டுக்கும் எளிதில் எட்டாத ஓரிடத்தில் மனிதர்கள் ஏன் வீடு கட்டினார்கள், கட்டியதோடு நில்லாமல் அதையே ஏன் ஒரு நாட்டின் ராஜதானியாகவும் ஆக்கிக்கொண்டார்கள் என்ற கேள்வி, அவ்வூரைப் பற்றிச் சிந்திக்கிற எவருக்கும் முதலில் எழக்கூடியது. ஆற்றங்கரையில் சமதளமான நிலம் இருந்தது. போக்குவரத்துக்கும் அதுவே வசதி. அப்படியிருந்தும் ஸ்பிதியின் அதிகாரம் 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையின் உச்சியில்தான் வீற்றிருந்தது.

இதற்கு விடை காண வேண்டுமானால் அந்நாட்டின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். லாஸாவின் பழைய திபெத்தியப் பேரரசு சிதைந்தபின், அந்த ராஜவம்சத்தின் கிளை ஒன்று மேற்கே வந்து அரசு நிறுவிற்று. 10-ஆம் நூற்றாண்டில் நிமாகோன் என்ற அரசர் தம் ராஜ்யத்தை மூன்று புதல்வர்களுக்கும் பங்கிட்டபோது, மூத்தவருக்கு லடாக்கும், நடுவருக்கு கூகேயும், இளையவருக்கு ஸன்ஸ்காரும் ஸ்பிதியும் கிடைத்தன. மூன்று பங்குகளிலும் மிகச் சுருங்கியது இளையவரின் பங்கே. பிறகு ஸ்பிதி கூகே அரசர்களின் செல்வாக்கில் வந்தது; யேஷே ஓ என்னும் துறவியரசரின் காலத்தில், 996-ஆம் ஆண்டில், தங்கருக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றங்கரையிலேயே தாபோ மடாலயம் எழுந்தது. ஆயிரம் ஆண்டுகளாகத் தன் சித்திரங்களையும் சுதைச் சிற்பங்களையும் காப்பாற்றி வந்திருக்கும் அம்மடாலயம், சமதளத்தில், மண்சுவரொன்றைத் தவிர வேறு அரண் எதுவுமின்றி நிற்கிறது. தாபோவைக் கட்டியவர்கள் பகைவனை எதிர்பார்த்துக் கட்டவில்லை என்பது அதன் அமைப்பிலேயே விளங்கும். தங்கரைக் கட்டியவர்களின் மனநிலை அதற்கு நேர்மாறானது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஸ்பிதி பலருடைய வழிப்பாதையாகி விட்டது. வடக்கே லடாக், கிழக்கே கூகேயும் அதன்பின் லாஸாவும், தெற்கே புஷஹர், மேற்கே குலு என்று நாற்புறமும் தன்னைவிட வலிய அரசுகள் சூழ்ந்திருக்க, நடுவே சில ஆயிரம் குடிகளே வாழ்ந்த இந்தச் சிறு நாடு எவரோடும் போரிடத்தக்க பலம் உடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. 1630-ஆம் ஆண்டில் லடாக்கின் அரசரான ஸெங்கே நம்கியால் கூகேயை வென்றபோது இப்பகுதி முழுவதும் அவர் கைக்கு வந்தது. அவருக்குப்பின் ஸ்பிதியும் ஸன்ஸ்காரும் அவருடைய இளைய புதல்வரான தெம்சோக் நம்கியாலுக்குப் பங்காகச் சென்றன. அந்நூற்றாண்டின் இறுதியில் லடாக்குக்கும் திபெத்துக்கும் நடந்த யுத்தத்தில் லடாக் தளர்ந்துவிடவே, குலுவின் ராஜா மான்சிங் படையோடு வந்து கப்பம் வாங்கிச் சென்றார். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசுகளுக்குக் கப்பம் செலுத்தி, எல்லோரையும் சமாதானப்படுத்தி, எவரையும் உள்ளே குடியேற விடாமல் வாழ்ந்ததுதான் ஸ்பிதி மக்களின் ராஜதந்திரம். அதைக் கோழைத்தனம் என்று சொல்லுகிறவர்கள் அந்நாட்டின் குளிர்காலத்தை அறியாதவர்கள். விளைந்த தானியமும், குவித்து வைத்த விறகும், கட்டியிருக்கும் யாக் எருமையும் கொள்ளை போய்விட்டால், அடுத்த ஆறுமாதப் பனியில் அக்குடும்பத்துக்குப் பிழைக்க வழியே இல்லை.

ஆகவே அவர்களுக்கு வேண்டியிருந்தது, பகைவனை முன்கூட்டியே காணும் ஓர் இடம். தங்கரின் பாறை முனையில் நின்றால் ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் மேற்புறமும் கீழ்ப்புறமும், பின் பள்ளத்தாக்கின் வாயிலும் ஒருங்கே கண்ணுக்குப் புலப்படும். ஆற்றோரம் வருகிற ஒரு சிறு கூட்டமும் அங்கிருந்து தப்ப முடியாது. பாறையின் மேல் கோட்டை என்று பொருள்படும் அதன் பெயரே அவ்வூரின் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறது. கோட்டை கொடுத்த பாதுகாப்பினால் அதிகாரம் அங்கே வந்தது. அதிகாரம் வந்ததால் அங்கிருந்த மடாலயமும் சிறப்புற்றது. அச்சம் கட்டிய ராஜதானி அது என்று நான் கருதுகிறேன். அதன் பிற்காலக் கதை முழுவதையும் இந்த ஒன்றைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

லடாக்கிலிருந்து ஸ்பிதியை ஆள ஓர் அதிகாரியை அனுப்புவது வழக்கமாயிருந்தது. அவர் வருவார், அறுவடை முடியும்வரை இருப்பார், வரவேண்டியதை வசூலித்துக்கொண்டு, கணவாய்கள் பனியால் மூடுவதற்கு முன்னர் லே நகரத்துக்குத் திரும்பிவிடுவார். எஞ்சிய காலத்தில் நாட்டின் நிர்வாகம் முழுவதும் நோனோ என்ற பட்டம் பூண்ட உள்ளூர்த் தலைவரிடமும், அவருக்குத் துணையான கிராமப் பெரியவர்களிடமுமே இருந்தது. நோனோக்கள் தங்கர்க் கோட்டையிலிருந்து ஆட்சி புரிந்தார்கள், வழக்குகளைக் கேட்டார்கள், தண்டனையும் விதித்தார்கள். அக்கோட்டையின் சிறைக்குக் கதவே இல்லை என்றும், மேலேயுள்ள ஒரு துவாரத்தின் வழியாகவே கைதியை உள்ளே இறக்கி, அத்துவாரத்தின் வழியாகவே உணவும் கொடுத்தார்கள் என்றும் சொல்லுகிறார்கள். கோட்டையில் பெரும்பகுதி இன்று இடிந்து கிடக்கிறது.

மடாலயம் மட்டும் நிலைத்திருக்கிறது. அரிக்கப்பட்டுக் கூர்கூராக நிற்கிற மண்தூண்களுக்கு இடையே, எங்கே பாறை முடிந்து சுவர் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி எழுந்திருக்கும் அதன் கட்டடங்கள், சுண்ணாம்பு பூசிய மண்ணாலும் கல்லாலும் மரத்தாலும் ஆனவை. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபைச் சார்ந்தது அது. ஸ்பிதியின் மற்றப் பெரிய மடாலயங்களான கீ, தாபோ ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் பெருமை அதற்கு உண்டு. நால்வர் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி அமர்ந்தாற்போல நான்கு திக்குகளையும் நோக்கியிருக்கும் வைரோசன புத்தரின் உருவம் அங்கே இருக்கிறது. முனையின் உச்சியில் தனியே நிற்கும் மேற்கோயிலின் சுவர்களில் சாக்கியமுனியையும், கெலுக் மரபின் ஸ்தாபகரான சோங்கபாவையும், நோய் தீர்க்கும் பைஷஜ்ய குருவையும் தீட்டியிருக்கிறார்கள். வைத்தியர் வந்துசேர வழியில்லாத ஒரு தேசத்தில், ஊரின் மிக உயர்ந்த இடத்தை மருத்துவ புத்தருக்கு அளித்தவர்களின் உள்ளம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

இம்மடாலயத்தில் நூற்றைம்பதுக்குக் குறையாத பிக்ஷுக்கள் வாழ்ந்ததுண்டு. இத்தனை சிறிய நாட்டில் இத்தனை துறவிகள் எப்படி உண்டானார்கள் என்பதற்கு மதப்பற்று மட்டும் காரணமன்று. அவர்களுடைய நிலவுடைமைச் சம்பிரதாயமே அதன் ஆணிவேர். ஸ்பிதியின் பழைய வழக்கப்படி ஒரு குடும்பத்தின் நிலம் பாகப்பிரிவினைக்கு உட்படாது. மூத்த மகன் ஒருவனுக்கே வீடும் வயலும் உரியவையாயிருந்தன. அவன் மணம் செய்துகொண்டு பொறுப்பை ஏற்றதும், தாய் தந்தையர் காங்சென் என்னும் பெரிய வீட்டை அவனிடம் ஒப்புவித்துவிட்டு, அதன் அருகிலேயே உள்ள காங்சுங் என்னும் சிறிய வீட்டுக்கு, தங்கள் ஜீவனத்துக்குப் போதுமான ஒரு சிறு நிலத்தோடு சென்றுவிடுவார்கள். இளைய புதல்வர்கள் பால்யத்திலேயே மடாலயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு எழுத்தும் கல்வியும் கிடைத்தன. ஆயினும் குடும்பத்தோடு உறவு அறுந்துவிடவில்லை. குளிர்காலத்தில் மடாலயத்தில் தங்கி ஓதுகிற அதே பிக்ஷு, கோடையில் அண்ணனின் வயலில் வேலை செய்வதும் உண்டு. அண்ணன் சந்ததியில்லாமல் இறந்துவிட்டால், தம்பி காஷாயத்தைக் களைந்துவிட்டு வந்து, அண்ணனுடைய விதவையை மணந்து, பெரிய வீட்டின் தலைவனாகிவிடுவான். அதில் எவரும் குற்றம் காணவில்லை.

பெண்மக்களில் பலர் கன்னியராகவே வாழ்ந்து, பெற்றோரின் சிறிய வீட்டிலோ சகோதரனின் ஆதரவிலோ காலங்கழித்தனர். சிலர் துறவு பூண்டனர். இந்த ஏற்பாட்டில் தனிமனிதர்கள் இழந்தது கொஞ்சமன்று. தன் விருப்பம் கேட்கப்படாமலே ஏழெட்டு வயதில் தலைமழிக்கப்பட்ட சிறுவனையும், மணவாழ்வே வாய்க்காத பெண்ணையும் மறந்துவிட்டு இதனைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் அதன் காரணத்தையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கரைப் போன்ற ஊரில் வயலைப் பெருக்க முடியாது. நிலம் இருந்தாலும் நீர் இல்லை. உயரத்திலே உருகும் பனிநீரை மலைச்சரிவின் விளிம்போடு வெகுதூரம் வளைத்து வளைத்துக் கொண்டுவரும் கூல் என்ற வாய்க்கால்களில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவே சாகுபடி. அந்நீரின் உரிமையும் பெரிய வீடுகளுக்கே உரியதாயிருந்தது. நாலு பிள்ளைகளும் வயலை நாலாகப் பிரித்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையிலேயே நால்வரும் பட்டினி கிடக்க நேரும். தஞ்சைச் சமவெளியில் ஒரு வேலிக்கும் அரை வேலிக்குமாகப் பாகம் பிரித்து, வழக்காடி, வரப்பைச் சீவி வாழ்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அங்கே வரப்புச் சண்டைக்கு வரப்பே போதாது.

பார்லியும் ஒருவகைக் கரும்பட்டாணியும் பிரதான விளைவுகளாயிருந்தன. பார்லியை வறுத்து மாவாக்கியது சாம்பா என்ற உணவு. நொதிக்க வைத்தது சாங் என்ற பானம். எரிப்பதற்கு முட்செடியும் உலர்ந்த சாணமுமே கிடைத்தன; தட்டையான மண்கூரையின் ஓரங்களில் அடுக்கப்பட்டிருக்கும் விறகின் அளவைக் கொண்டே ஒரு வீட்டின் செல்வத்தை மதிப்பிடுவார்கள். மேலேயுள்ள ஏரியைச் சுற்றிக் கோடையில் முளைக்கும் புல்லை நாடி ஊர் மாடுகளும் யாக்குகளும் ஏறிச்செல்லும்.

தங்கரைப் பாறையின்மேல் கட்டவைத்த பகைவர் அச்சம் 1841-ஆம் ஆண்டில் கடைசி முறையாக மெய்யாயிற்று. ஜம்முவின் டோக்ராக்கள், ஸோராவர் சிங் என்ற தளபதியின் கீழ் லடாக்கை வென்று மேற்குத் திபெத்தின்மேல் படையெடுத்த காலம் அது. அப்படையின் ஒரு பிரிவு ஸ்பிதிக்குள் புகுந்து மடாலயங்களைச் சூறையாடிற்று. மக்கள் தங்கள் வழக்கப்படி மலைகளுக்குள் மறைந்துகொண்டார்கள். ஐந்தாண்டு கழித்து, 1846-இல், முதல் சீக்கிய யுத்தத்தின் முடிவில் ஸ்பிதி ஆங்கிலேயர் வசமாயிற்று. லடாக்கை ஜம்முவின் அரசரான குலாப் சிங்கிடம் விட்டுவிட்ட ஆங்கிலேயர் இந்த வறண்ட பள்ளத்தாக்கை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டதற்குக் காரணம், சால்வை நெய்வதற்கான மெல்லிய ரோமம் விளையும் சாங்தாங் மேய்ச்சல் பூமிக்கும் தங்கள் ராஜ்யத்துக்கும் இடையே, பிறர் நாட்டின் வழியாகச் செல்லாத ஒரு பாதையை அவர்கள் விரும்பியதே. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாமும் வான்ஸ் ஆக்னியூவும் வந்து எல்லையை வகுத்தார்கள். பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையை நிறுவிய கன்னிங்ஹாமேதான் அவர். முதல் மூன்று ஆண்டுகள் வரிவசூல் புஷஹர் மந்திரியான மன்ஸுக் தாஸிடம் குத்தகையாக விடப்பட்டது. 1849-இல் குலுவின் உதவிக் கமிஷனரான மேஜர் ஹே நேரில் வந்து பொறுப்பை ஏற்று, குளிர்காலத்தின் ஒரு பகுதியையும் அங்கேயே கழித்தார்.

புதிய ஆட்சியாளர் நோனோவை நீக்கவில்லை. கணவாய்கள் அடைபட்டுவிட்டால் குலுவிலிருந்து ஓர் ஆணை கூடச் செல்ல முடியாத நாட்டில், போலீஸையும் கச்சேரியையும் வைத்து நடத்துவது வீண்செலவு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 1873-ஆம் வருஷத்து ஸ்பிதி ஒழுங்குவிதி, கொலையைத் தவிர மற்றக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தை நோனோவுக்கே அளித்தது. வரி தண்டும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் அவர் இனிப் பாறையின் மேல் இருக்கவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. குலுவின் படை வராது, லடாக்கின் அதிகாரி வரமாட்டார், டோக்ராக்களும் வரமாட்டார்கள். நோனோவின் குடும்பம் காஸாவுக்கு அருகிலுள்ள க்யூலிங்கில் வசித்தது. நிர்வாகத்தின் மையம் மெல்ல மெல்ல ஆற்றங்கரையிலுள்ள காஸாவுக்கே சென்றுவிட்டது. ஒரு யுத்தத்தில் தோற்றுத் தலைநகர் பதவியை இழந்த ஊர்கள் பல உண்டு. தங்கரோ, அமைதி வந்த காரணத்தால் அதை இழந்தது.

1909-ஆம் ஆண்டில் ஏ. எச். பிராங்கே என்ற மொரேவியப் பாதிரியார், தொல்பொருள் துறையின் சார்பில், பிண்டி லால் என்ற புகைப்படக்காரரையும் உடன் அழைத்துக்கொண்டு, சிம்லாவிலிருந்து சட்லெஜ் வழியாக ஏறி ஸ்பிதியைக் கடந்து லடாக் சென்றார். திபெத்திய மொழியில் தேர்ந்த அவர் தங்கரையும் கண்டு எழுதியபோது அவ்வூர் ஏற்கெனவே பழம்பெருமைக்கு உரிய இடமாகிவிட்டிருந்தது. கால் நூற்றாண்டு கழிந்து, 1933-இல், இத்தாலிய அறிஞர் ஜுஸெப்பே தூச்சி இப்பள்ளத்தாக்கின் வழியே திபெத்துக்குள் சென்றார். தாபோவின் சித்திரங்கள் உலகத்தாரால் அறியப்பட்டதில் இவர்கள் இருவருடைய பங்கும் பெரிது.

சுதந்திரத்துக்குப் பின்னர் மாறுதல்கள் விரைந்து வந்தன. 1960-இல் லாஹுல்–ஸ்பிதி தனி ஜில்லாவாயிற்று. 1966-இல் பஞ்சாபிலிருந்து பிரிந்து ஹிமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்தது. 1962-ஆம் ஆண்டு சீன யுத்தத்தின் விளைவாகத் திபெத்து வியாபாரம் நின்றுபோகவே, உப்பும் ரோமமும் வந்த பழைய வழிகள் அடைபட்டன; எல்லையைக் காக்கும் பொருட்டுப் போடப்பட்ட மோட்டார்ச் சாலை ஆற்றோரமாகவே ஓடிற்று. தங்கருக்குச் செல்பவர்கள் ஷிச்லிங் என்ற இடத்தில் அச்சாலையை விட்டு விலகி, வளைந்து ஏறும் கிளைப்பாதையில் செல்ல வேண்டும். 1975-ஆம் வருஷம் ஜனவரி 19-ஆம் தேதி கின்னௌரில் நேர்ந்த பூகம்பம் ஸ்பிதியின் மடாலயங்களையும் விட்டுவைக்கவில்லை. 1992-இல் அந்நியதேசத்துப் பிரயாணிகளுக்கு இப்பகுதி திறந்துவிடப்பட்டது.

பச்சைப்பட்டாணிப் பயிர் வந்து கையில் ரொக்கம் புழங்கத் தொடங்கியதும், பள்ளிக்கூடங்களும் சர்க்கார் உத்தியோகங்களும் ஏற்பட்டதும், இளைய பிள்ளைகளுக்கு மடாலயத்தைத் தவிர வேறு கதிகளைக் காட்டின. அவர்களுக்காக நான் மகிழ்கிறேன். அதே சமயத்தில், பெரிய வீடும் சிறிய வீடும் மடாலயமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற பழைய ஏற்பாடு தளர்ந்தபோது, பழுதுபார்க்கும் கைகளும் குறைந்துவிட்டன என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. மண்கூரையில் பனி தங்கினால் அது உருகி உள்ளே இறங்கும். விழுந்தவுடன் தள்ளிவிட ஆள் வேண்டும். வெடிப்புக்களில் களிமண் அடைக்க வேண்டும். ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூச வேண்டும். வறண்ட வானத்தை நம்பிக் கட்டப்பட்ட கட்டடத்துக்கு மழையைப்போல் சத்துரு வேறில்லை.

கட்டடத்தைவிடப் பெரிய ஆபத்து அதைத் தாங்குகிற நிலத்துக்கே நேர்ந்திருக்கிறது. மண்ணும் கூழாங்கல்லும் இறுகி உண்டான அந்தப் பாறை முனை, காற்றாலும் நீராலும் இடைவிடாது கரைந்துவருகிறது. எந்தச் செங்குத்து ஒரு காலத்தில் பகைவனை ஏறவொட்டாமல் தடுத்ததோ அந்தச் செங்குத்தே இன்று சுவர்களின் அடியிலிருந்து மண்ணைச் சரியவிடுகிறது. உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் 2006-ஆம் ஆண்டில் உலகெங்கும் பேராபத்துக்குள்ளான நூறு இடங்களின் வரிசையில் தங்கர் மடாலயத்தைச் சேர்த்தது. அதன்பின், சற்று விலகிய உறுதியான நிலத்தில் புதிய மடாலயம் ஒன்று எழுந்து, பிக்ஷுக்களின் வாசமும் நித்திய பூஜையும் பெரும்பாலும் அங்கே சென்றுவிட்டன. பழைய கோயிலில் ஒரே சமயத்தில் பலர் திரளாமலிருக்கும்படி வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அங்குள்ள சுவர்ச்சித்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு புதிய இடத்துக்குச் செல்ல முடியாது. ஆகையால் பாறையின் அடிவாரத்தில் நீர் தேங்காமல் வடிகால் அமைப்பதும், கூரையைச் செப்பனிடுவதும், பழைய முறையில் மண்வேலை தெரிந்த ஸ்பிதித் தச்சர்களையும் கொத்தர்களையும் அவ்வேலையிலேயே நிலைக்கச் செய்வதும் ஒத்திப்போடத் தகாத காரியங்கள். ஒவ்வொரு வருஷமும் குறுகிய கோடை காலத்துக்குள்தான் இவ்வளவையும் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.